வலப்பக்கத்தில் நின்றவன்

என் தங்கையின் கணவன் மினாசோன் லியூக்ட்ராப் போரில் நின்றவன். எங்கள் ஹாலியார்ட்டோஸ் ஊர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று எங்கள் அணிக்குத் தலைமை தாங்கிய தீப்ஸ்காரர்கள் இடப்பக்கத்தில் ஐம்பது வரிசை ஆழத்துக்கு ஆட்களை அடுக்கினார்கள். எதிரே ஸ்பார்ட்டாவின் அரசன். எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களை வலப்பக்கத்தில் மெல்லிய வரிசையாக நிறுத்தி உத்தரவு போட்டார்கள்: எதிரி ஓரடி வந்தால் ஓரடி பின்னால் போ. முதுகைக் காட்டாதே. வரிசை உடையக் கூடாது. மினாசோன் அப்படியே செய்தான். அதற்குள் இடப்பக்கத்தில் அரசன் செத்தான். போர் முடிந்தது. இவன் கேடயத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வெற்றி விழாவில் போரிட்டவர்களுக்குத் தொடைக்கறி, மற்றவர்களுக்குக் கழுத்து. இவனுக்கு இருபது ஆண்டுகளாகக் கழுத்து.

“ரெண்டு பேரைக் குத்தினேன்னு சொல்லித் தொலையுங்களேன். யாரு போய்ப் பாத்தா?” என்பாள் என் தங்கை அமினோக்லியா.

“குத்தலையே.”

“அப்போ கழுத்தையே தின்னுங்க.”

கபீசியாஸ் என்றொருவன். ஆழத்தை நிரப்ப எங்கள் ஊரிலிருந்து இடப்பக்கத்துக்கு எடுத்த சிலரில் ஒருவன்; நாற்பத்தெட்டாவது வரிசை. அன்று முழுக்க அவன் பார்த்தது முன்னால் நின்றவனின் முதுகை. மதுக்கடையில் அவன் பேச்சைக் கேட்டால் அரசனை அவனே கொன்றதுபோல் இருக்கும்.

ஒருமுறை மாசிடோனியாவிலிருந்து படைப்பயிற்சி தரும் ஒருவர் தீப்ஸுக்குப் போகிற வழியில் மதுக்கடைக்கு வந்தார். கபீசியாஸ் கையை வீசி வீசிச் சொன்னதைக் கேட்டுக் கொட்டாவி விட்டார்.

“தள்ளினீங்க. சரி. வலப்பக்கம் யாரு நின்னது?”

கடையே சிரித்தது. “இதோ இருக்காரே. விலாங்கு பிடிக்கிறவரு. பின்னாலயே நடந்து ஜெயிச்ச வீரரு” என்றார் கடைக்காரர்.

மாசிடோனியர் எழுந்து மினாசோனிடம் வந்தார். “எத்தனை அடி போனீங்க? யாராவது திரும்பினாங்களா?”

“சொன்னாப் புரியாது. டேய் கபீசியாஸ், எழுந்திரு. எல்லாரும் எழுந்திருங்கடா.”

பன்னிரண்டு பேரை முற்றத்தில் தோளோடு தோள் நிறுத்திப் பின்னால் நடக்கச் சொன்னான். நான்காம் அடியில் வரிசை வளைந்தது. ஏழாம் அடியில் கபீசியாஸ் மதுச்சாடிமேல் விழுந்தான்.

“எதிர்ல ஸ்பார்ட்டாக்காரன் நிக்கிறான்டா! விழுந்தா எழுந்திருப்பியா?”

மாசிடோனியர் சிரிக்கவில்லை. “தள்ளறதுக்கு எங்க வேணா ஆள் கிடைக்கும். இப்படிப் பின்னால நடக்கறதைத்தான் எங்காளுங்களுக்குத் தினம் காலையில சொல்லிக் குடுக்கறோம். இன்னும் வரிசை உடையுது.” மூன்று நாள் தங்கி, மினாசோனிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

ஊரெல்லாம் அதே பேச்சு. அடுத்த விழாவில் கறி பங்கிடுகிறவர் முதல் தொடையைத் தனியே எடுத்துவைத்துவிட்டுக் கூப்பிட்டார்: “வலப்பக்கம் நின்னவங்க முன்னால வாங்க.”

பத்தொன்பது பேர் வந்தார்கள். முதல் ஆள் கபீசியாஸ்.

“நீ இடப்பக்கம்டா!” என்றான் மினாசோன்.

“காலையில இடப்பக்கம்தான் மச்சான். அப்புறம் மாத்திட்டாங்க.”

பங்கிடுகிறவர் தலையைச் சொறிந்தார். வயதில் மூத்தவர்களுக்கு முதலில் கொடுத்தார். மினாசோன் பதினேழாவது. பதினான்கிலேயே தொடை தீர்ந்தது. கழுத்தை நீட்டினார். மினாசோன் வாங்கவில்லை.

வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து என் தங்கை கேட்டாள்: “இப்பவும் ஒத்துக்கலையா?”

“ஒத்துக்கிட்டாங்க. ஊரே வலப்பக்கம் நின்னுதாம். இடப்பக்கம் ஒருத்தனும் இல்லையாம்.”