பத்மநாபன் மான் சுட்டு வந்த கதை

டெக்ஸஸில் கேட்டி என்கிற ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம் அது. ஹூஸ்டனுக்கு மேற்கே ஃப்ரீவேயின் இரண்டு பக்கமும் நெல் வயல், நடுநடுவே புதிதாக எழும்பிய வீடுகள். சனிக்கிழமை வந்தால் யார் வீட்டிலாவது பாட்லக். ஒருத்தர் சாம்பார் கொண்டு வருவார், ஒருத்தர் கோழிக் குழம்பு கொண்டு வருவார். பத்மநாபன் கதை கொண்டு வருவார்.

அவர் அளப்பதை நம்பியவர் யாரும் கிடையாது, கேட்காமல் எழுந்து போனவரும் கிடையாது. ஜவ்வாது மலையில் சிறுத்தை ஒன்று அவரைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போனது. கோவளத்தில் புயலுக்கு நடுவே தனியாகப் படகு ஓட்டிப் போய் நாலு மீனவர்களை மீட்டார். ராக்கெட் விடுகிறவர்கள் ஒரு வால்வு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தபோது, இவர்தான் பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுத்தார். அவர் வேலையென்னவோ எண்ணெய்க் கம்பெனியில் குழாய் கணக்குப் போடுவது. வேலூர்க்காரர், நல்ல மனுஷர், ஒருத்தருக்கு ஒரு கெடுதல் நினைக்காதவர். புளுகாவிட்டால் சாப்பாடு செரிக்காது, அவ்வளவுதான்.

எண்பத்தாறாம் வருஷம் கோடையில் ஒரு சனிக்கிழமை, சிறுத்தைக் கதை நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்திருந்த குடும்பத்துச் சின்னப் பெண் ஒருத்தி பயந்துபோய் அழ ஆரம்பித்துவிட்டாள். பத்மநாபனின் மகள் மீனாக்ஷி, பத்து வயது, அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"டோன்ட் வொர்ரி. இட்ஸ் நாட் எ ரியல் ஸ்டோரி. இட்ஸ் எ டாட் ஸ்டோரி."

கூடம் முழுக்கச் சிரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெங்கடகிருஷ்ணன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மோர் தளும்பியது. அதையெல்லாம் பத்மநாபன் தாங்கிக்கொண்டிருப்பார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி ராஜலக்ஷ்மியும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. ஊரார் நம்பாவிட்டால் போகட்டும், பெற்ற பெண்ணுக்கு அப்பன் பேச்சு என்றாலே பொய் என்று ஆகிவிட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அந்த வேகத்தில் வாயைக் கொடுத்தார்.

"சரி, சிரிங்க. இந்த வருஷம் தீபாவளி பார்ட்டிக்கு எல்க் கறி. நானே கொலராடோ போய், நானே சுட்டு, நானே கொண்டு வரேன்."

எல்க் என்பது குதிரை உயரம் நிற்கிற காட்டுமான். ஆண் மானுக்குத் தலைமேல் காய்ந்த மரக்கிளை மாதிரி கொம்பு. ஆபீஸில் கூட வேலை பார்த்த டேல் என்கிற டெக்ஸஸ்காரன் வருஷா வருஷம் அதைச் சுடப் போய், வருஷா வருஷம் வெறுங்கையோடு வருகிறவன். பத்மநாபன் விஷயத்தைச் சொன்னதும் அவன் சந்தோஷமாகத் தன் பழைய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து, சுடவும் கற்றுக் கொடுத்தான். ஆச்சரியம் என்னவென்றால், பத்மநாபனுக்குக் குறி வைப்பது நன்றாகவே வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லை.

லைசென்ஸ் வாங்கினால் அரசாங்கத்துக் காட்டில் யார் வேண்டுமானாலும் வேட்டையாடலாம். வழிகாட்டி கிடையாது, வண்டிக்காரன் கிடையாது. ஒரே ஒரு கட்டளை: கொம்பில் ஒரு பக்கமாவது நாலு கிளை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இளம் மானைச் சுட்டால் அபராதம். வளர்ந்த ஆண் மானுக்குத்தான் அனுமதி.

அக்டோபரில் ஸ்டேஷன் வேகனை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். ராஜலக்ஷ்மிக்கு இதில் ஒரு பொட்டு நம்பிக்கையும் இல்லை. இருந்தாலும் புருஷன் பட்டினி கிடக்கலாமா? பெரிய தூக்கில் புளிசாதம் கிளறி, கெட்டுப் போகக் கூடாதென்று நல்லெண்ணெயும் பெருங்காயமும் தாராளமாகச் சேர்த்துக் கொடுத்தாள்.

"காட்டுல கீட்டுல போய் விழுந்து வைக்காதீங்க. ஏதாவது மோட்டல்ல ரூம் போட்டு டிவி பாத்துட்டு வாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் தூக்கை வாங்கி வண்டியில் வைத்தார். அவள் உள்ளே போன சமயம் பார்த்து, அரிவாள்மணையைச் செய்தித்தாளில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டார். டேல் வேட்டைக் கத்தி கொடுத்திருந்தான். ஆனால் கத்தியைக் கையில் பிடித்துக் கறி நறுக்கி அவருக்குப் பழக்கமில்லை.

கொலராடோ மலையில் முதலில் காற்றே போதவில்லை. பத்தடி ஏறினால் நாக்கு தள்ளியது. குளிருக்குத் தலையில் தேங்காய் எண்ணெய், நெஞ்சில் தைலம், வயிற்றில் புளிசாதம், இதற்கெல்லாம் மேலே சட்டப்படி போட வேண்டிய ஆரஞ்சு நிறச் சட்டை. பார்ப்பதற்கு மலையேறி வந்த செவ்வாழை போல இருந்தார். மரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் ஒரு முயல்கூட எட்டிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே.

அதற்கடுத்த நாள் பெண் மான் ஒன்று புல்வெளிக்கு வந்தது. நடுவில் நின்றது. மூக்கைத் தூக்கியது. பத்மநாபன் அப்போது தூக்கைத் திறந்து ஒரு வாய் எடுத்திருந்தார். மானின் முகத்தில் ஒரு திகைப்பு தெரிந்தது. அப்புறம் அது திரும்பி ஓடிய ஓட்டத்தில், மரங்களுக்குள் இன்னும் ஏழெட்டு மான்கள் கிளம்பி ஓடும் சத்தம் கேட்டது. பத்மநாபன் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். காற்று அவர் முதுகிலிருந்து அந்தப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. ராஜலக்ஷ்மியின் பெருங்காயத்துக்கு கேட்டியில் நாலு வீடு தாண்டி மணம் போகும். மலைக்காற்றில் எவ்வளவு தூரம் போகுமோ, அந்த மான்களுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு நாளாகக் காட்டையே தாளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது. பிறகு, குழாயில் எது எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்குப் போட்டே காலம் தள்ளிய மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. மேலே அடர்ந்த மரக்கூட்டத்திலிருந்து புல்வெளிக்கு இறங்க இரண்டே வழிதான். சாயங்காலம் குளிர்ந்த காற்று மேலேயிருந்து கீழே இறங்கும். ஒரு வழியை நாற்றத்தால் அடைத்தால், மான் மற்றதில் வந்துதானே ஆக வேண்டும்?

மிச்சமிருந்த புளிசாதத்தை ராஜலக்ஷ்மி தூக்கோடு கொடுத்த சிவப்புத் துண்டில் கொட்டி மூட்டையாகக் கட்டி, முதல் வழிக்கு மேலே ஒரு கிளையில் தொங்கவிட்டார். தன் மேல் அடிக்கும் நாற்றத்துக்கு என்ன செய்வது? பனிக்கட்டி மிதக்கும் ஓடையில் சோப்பில்லாமல் குளித்தார். அந்தக் குளியலில் அவர் வேலூர் வெயிலை நினைத்து வாய்விட்டுக் கதறியதை நல்லவேளை யாரும் கேட்கவில்லை. தேவதாரு இலையை உடம்பெல்லாம் தேய்த்துக்கொண்டு, இரண்டாவது வழிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்.

வெயில் சாயும் நேரம் மேலே கிளை முறியும் சத்தம். முதல் வழிப் பக்கம் ஏதோ வந்து நின்றது, பலமாக மூச்சு விட்டது, திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது வழியில், மரங்களை விலக்கிக்கொண்டு, அவ்வளவு பெரிய மிருகம் அவ்வளவு மெதுவாக நடந்து வந்தது. பத்மநாபன் கொம்பை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினார். ஆறுதான். அப்புறம் சுட்டார்.

அது பத்தடி நடந்து, முட்டி மடங்கி விழுந்தது. கிட்டே போனார். துள்ளிக் குதிக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்து வைத்திருந்தார், வரவில்லை. வெதுவெதுப்பாக இருந்த அந்தக் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்தது. யாருக்காகவோ சொல்வது போல, "மன்னிச்சுக்கோப்பா," என்றார்.

அதற்கப்புறம்தான் தலைக்கு மேல் வெள்ளம். இத்தனை எடையை யார் சுமப்பது என்று அவரும் யோசிக்கவில்லை, டேலுக்குச் சொல்லத் தெரியவுமில்லை, அவன் சுட்டிருந்தால்தானே! வண்டி மூன்று மைல் கீழே நின்றது. பத்மநாபன் பனியில் சாக்கை விரித்து, அரிவாள்மணையைப் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்து நறுக்கினார். முதுகில் சுமந்து இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். கறியையும் கொம்பையும் வண்டி சேர்த்து முடித்தபோது ஆபீஸில் போட்ட லீவும் முடிந்திருந்தது. சிவப்புத் துண்டை எடுக்க மறந்தே போனார்.

தீபாவளி பார்ட்டி ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேஜைமேல் ஆறு கிளைக் கொம்பு. பக்கத்தில் பெரிய பாத்திரத்தில், மிளகு தூக்கலாகப் போட்ட எல்க் கறி. கூட்டம் கூடிப் பார்த்தது. வெங்கடகிருஷ்ணன் கொம்பைத் தடவிப் பார்த்தார்.

"கொலராடோ போற வழியில அமரில்லோ பக்கம் ஹைவே ஓரம் கடைகடையா கொம்பு விக்கறான் சார். நானே பாத்திருக்கேன். ஒட்டகக் கொம்பு கேட்டாலும் தருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். கறியையும் யாரும் தொடவில்லை. கொம்பு கடைச் சரக்கு என்றால் கறி மாட்டுக்கறியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அசைவக்காரர்களே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"சரி, சொல்லுங்க பத்து, எப்படி சுட்டீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். இன்றைக்கு இரண்டு மணி நேரம் நிச்சயம் என்று காபி வேறு ஊற்றிக்கொண்டார்கள்.

பத்மநாபன் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். புளிசாதத்தைக் கண்டு மான் ஓடியது என்றால் எவன் நம்புவான்? அவரே நம்ப மாட்டார். அதைவிட, அந்தக் கழுத்தின் சூடு கையிலேயே இருந்தது. அதற்குமேல் ஒரு பொய்யை ஏற்றி வைக்க மனசு வரவில்லை.

"போனேன். ரொம்பக் குளிரு. மூணாவது நாள் வந்துது, சுட்டேன். தூக்கிட்டு வர்றது ரொம்பக் கஷ்டமா இருந்துது."

உட்கார்ந்துவிட்டார்.

கூடம் திகைத்தது. "அவ்ளோதானா?" என்றார் வெங்கடகிருஷ்ணன், காசு கொடுத்து ஏமாந்தவர் போல. ஒவ்வொருவராக எழுந்து இனிப்புப் பக்கம் போனார்கள். பத்மநாபன் மட்டும் கொம்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லி, அதைச் சீந்த ஆளில்லை.

குழந்தைகள் மேஜையிலிருந்து மீனாக்ஷி தட்டோடு எழுந்து வந்தாள். பாத்திரத்தைத் திறந்து நாலு துண்டு கறி போட்டுக்கொண்டு, அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாயில் போட்டு மென்றாள்.

"திஸ் ஒன் இஸ் ரியல்," என்றாள்.

"எப்படிடா கண்ணு சொல்ற?"

"யூ செட் இட் வாஸ் கஷ்டம். இன் டாட் ஸ்டோரீஸ் இட்ஸ் நெவர் கஷ்டம்."

பத்மநாபன் நாற்காலியை மகள் பக்கம் நகர்த்திக்கொண்டார். தன் தட்டை எடுத்துக்கொண்டு அவரும் சாப்பிட்டார்.

பழைய புத்தி எங்கே போகும்? வீட்டுக்குத் திரும்பும்போது ஃப்ரீவேயில் குஷி தாங்காமல், புளிசாத மூட்டை, ஓடைக் குளியல், பனியில் அரிவாள்மணை எல்லாவற்றையும் மகளிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"ஓகே டாட். தட் பார்ட் இஸ் எ டாட் ஸ்டோரி."

முன்சீட்டில் ராஜலக்ஷ்மி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"இல்லடி. என் சிவப்புத் துண்டு திரும்பி வரல. அருவாமணையில இன்னும் மான் முடி ஒட்டிட்டு இருக்கு, நேத்து வெங்காயம் நறுக்கறப்ப பாத்தேன். அப்பா சொல்றது நிஜம்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.