பெண்கள் பக்கத்து வீடியோ

கமராவைக் கண்டால் என் உடன்பிறந்த ராத்தா முக்காட்டை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். சென்ற ஆண்டு அவர் மௌத்தாகி அடக்கமானபோது, அடையாள அட்டைப் படத்தைத் தவிர வீட்டில் வேறொன்றும் இருக்கவில்லை. ஒரு வீடியோ மட்டும் இருந்தது. அவருடைய மகளுக்குக் கல்யாண மருதாணி போட்ட நாளில், பெண்கள் பக்கத்தில் ஒரு தோழி எடுத்தது. அதில் ராத்தா சிரித்துக் கதைக்கிறார் என்று பெண்கள் சொல்லித்தான் ஆண்களான எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலுள்ள பெண்கள் பலர் முக்காடில்லாமல் இருந்ததால், மகள் அந்தக் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி மடிக்கணினியில் வைத்துவிட்டு, கணவனோடு தோகாவுக்குப் போயிருந்தாள். கடவுச்சொல்லை நாங்கள் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இந்த ஆண்டு மடிக்கணினி கடகடக்கத் தொடங்கியது. டிஸ்க் நின்றுவிட்டால் வீடியோவும் போய்விடும். ராத்தாவின் கணவர், மச்சான், என்னைக் கூப்பிட்டார். செய்தியறையில் கோப்புகளைப் பூட்டி அனுப்பிப் பழகியவன் நான். பூட்டியபடியே பென்டிரைவில் பிரதி எடுத்து, தோகாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவானது. திறந்து பார்க்காமல், பிரதி முழுமையாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? அதற்கு ஹாஷ் மென்பொருள் உண்டு. கோப்பைக் கடைசிவரை படித்து, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட வரியைத் தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரி வேறாகிவிடும்.

மச்சான் திரையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, பூனை கீபோட்டுல நடந்த மாதிரி இரிக்கி?"

"இதுதான் மச்சான் அதுட கைரேகை."

பிரதி முடிந்ததாகத் திரை காட்டியது. நான் தேநீர்க் கோப்பையை வைக்க உள்ளே போனேன். அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. திரும்பி வந்தால் மச்சான் தொப்பியோடு வாசலில் நிற்கிறார். பென்டிரைவ் அவருடைய சட்டைப் பையில்.

"ஆரும் தட்டிப்போட்டா என்ன செய்ற? அதான் கழட்டி எடுத்துட்டன்."

தொழுதுவிட்டு வந்து சரிபார்த்தோம். கோப்பின் அளவு ஒன்றுதான். வரி முழுக்க வேறு. முடிந்ததாகத் திரை காட்டினாலும், உள்ளே எழுதி முடியுமுன் பென்டிரைவ் பிடுங்கப்பட்டிருந்தது.

"நானே அவவ அழிச்சுப்போட்டனா?" மச்சான் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரதிதான் கெட்டுப்போச்சி. அசல் இன்னும் உள்ளுக்க கிடக்கு."

மறுபடி பிரதி எடுத்தோம். டிஸ்க் கடகடத்த ஒவ்வொரு முறையும் அவருடைய உதடு அசைந்தது. இம்முறை இரண்டு வரிகளும் ஒத்துப்போயின. ஆனாலும் மச்சான் பென்டிரைவைத் தொடவில்லை. "நீங்களே கழட்டுங்க" என்றார்.

பென்டிரைவ் போய்ச் சேர்ந்ததும் மகள் அழைத்தாள். முதலில் அங்கே வந்த வரியை வாசித்தாள். நான் என் போனில் வைத்திருந்ததோடு ஒப்பிட்டேன். கடைசி எழுத்துவரை சரி.

"வீடியோ தெறந்திட்டுது மாமா. வாப்பா இரிக்காரா? படம் காட்ட ஏலாது, மத்தப் பொம்புளயளும் இரிக்காங்க. சத்தத்த மட்டும் போடுறன்."

போனை மேசையில் வைத்தோம். குரவை, வளையல் சத்தம், யாரோ யாரையோ கேலி செய்யும் சிரிப்பு. பிறகு, மிக அருகில், ராத்தா:

"புள்ள, வாப்பா சோறு திண்டாரோ எண்டு ஆராவது பாருங்க. அந்த மனிசன் தானாக் கேட்டுத் திங்கமாட்டாரு."

மச்சான் போனை நோக்கிக் குனிந்தார்.

"திண்டுட்டன்" என்றார்.

சத்தம் நின்றதும் போனை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்:

"இன்னொருக்காப் போடு மகள்."