ஆலங்கட்டி பட்ட பழம்

காம்புக் குழியில் மூக்கை வைத்து ஒருமுறை முகர்ந்த பிறகுதான் ஆப்பிளைப் பெட்டிக்கு அனுப்புவார். பக்கத்தில் இருப்பவர்கள் நாற்பது பழம் தள்ளும் நேரத்தில் இவர் முப்பதுதான் தள்ளுவார். அதனால் பழம் பிரிக்கும் கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் அவர் மூக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

பத்தொன்பது வருடமாக அதே பெல்ட்டின் ஓரம். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார்; பழத்தில் கீறல் விழுந்தால் அவருக்குப் பொறுக்காது. வீட்டில் ஆப்பிளைத் தொடுவதில்லை. “நாள் முழுக்க அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். வீட்லயுமா?”

போன வருடம் கேமரா வைத்த இயந்திரம் வந்தது. நிறம், அளவு, தழும்பு எல்லாம் அதுவே பார்த்துக் கழிக்கும். மூக்கம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. “பன்னெண்டு கண்ணு இருக்கு. நாக்கு ஒண்ணுகூட இல்ல.”

சென்ற மாதம், அறுவடைக்குப் பத்து நாள் முன்னால், கால் மணி நேரம் ஆலங்கட்டி மழை கொட்டியது. மேட்டுத் தோட்டக்காரரின் பழங்களில் மிளகளவு தழும்புகள். அவருடைய லாரி வந்ததும் இயந்திரம் பத்தில் எட்டைக் கழித்தது. பெரிய அங்காடிகளுக்குக் கொள்முதல் செய்யும் அதிகாரி மிச்ச இரண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. “மொத்தத்தையும் ஜூஸுக்கு அனுப்பிடுங்க.”

தோட்டக்காரர் கழித்த பழங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘சந்தை சிவப்புதான் கேக்குது’ என்று கொள்முதல்காரர்கள் சொன்னதை நம்பி, அப்பா நட்ட மரங்களை வெட்டிவிட்டுப் புது ரகம் வைத்தவர். இது இரண்டாவது காய்ப்பு.

“என்னண்ணே, வாயப் பூட்டிட்டா வந்தீங்க?” என்றார் மூக்கம்மா. சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்து பெல்ட்டை நிறுத்தினார். கழித்த பழம் ஒன்றை வெட்டி, பாதியை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“தின்னு பாருங்க சார்.”

அவர் கடித்தார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஜனங்க கண்ணாலதானே வாங்குறாங்க?”

“வாங்குறது கண்ணால. திங்கிறது வாயாலதானே! வடு தோலத் தாண்டல. வானம் கல்லெறிஞ்சா அவர் மரத்துக்கு மரம் குடை பிடிக்கணுமா?”

“விதிமுறை அப்படி. நான் என்ன பண்றது?”

மேற்பார்வையாளர் வந்து பெல்ட்டை ஓடவிட்டார். லாரி ஜூஸ் ஆலைக்குத் திரும்பியது.

“விடும்மா, உன் வேலைக்கு உலை வெச்சுக்காத” என்றார் தோட்டக்காரர்.

“நீங்க கத்தியிருந்தா நான் ஏண்ணே கத்தறேன்?” என்றார் மூக்கம்மா.

மறுநாளே அவரைக் குளிர்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொன்று போட்டுக்கொண்டு, போன வருட அறுவடையை, பார்க்கப் போன எனக்குக் காட்டினார். “பதினோரு மாசத் தூக்கம். நாம எழுப்பினாலும் ருசி எழுந்திரிக்காது.”

அப்போதுதான் அந்த அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். “வீட்டுக்கு ஒரு பெட்டி வேணும்மா. அன்னைக்கு வெட்டிக் குடுத்தீங்களே, அந்த ருசி. பிள்ளைங்களுக்கு.”

மூக்கம்மா பதினோரு மாதப் பழங்களில் ஒரு புள்ளிகூட இல்லாதவையாகப் பொறுக்கி, மெழுகு மினுங்கும் பக்கம் மேலே தெரியும்படி ஒவ்வொன்றாக அடுக்கி, பெட்டியை இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினார்.