வளைவில் இருந்த மணி

தலைக்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. நீங்கள் வறண்ட ஆற்று மணலில், பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே, கையில் தட்டோடு நிற்கிறீர்கள். நாற்பது மைல் தள்ளி மலையில் பெய்த மழை உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதை உங்களிடம் யார் சொல்வார்கள்?

பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். எங்கள் சான் சிரியாகோவில் பதினான்கு பக்கத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதிய விழாக்குழுவுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தார், ஒத்தீலியா பொஹோர்க்கெஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு ஆண்டுகளாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். ரயில் பாதை வந்ததும் பேருந்தை நிறுத்துவார், வானொலியை அணைப்பார், கதவைத் திறந்து வைத்துக் காது கொடுப்பார். அரிசோனாவின் இந்தத் தெற்குக் கோடியில் அந்தப் பாதையில் ரயில் ஓடி வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் சிரிப்பார்கள். வயதில் மூத்த பெண்களை எங்கள் ஊரில் மரியாதையாகத் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவோம்.

"ரயிலே வர்றதில்ல, தோன்யா. யாருக்காக நிக்கறீங்க?"

"வாய மூடு. வர்றப்ப உங்கிட்ட கேட்டுக்கிட்டு வராது."

ஜூன் இருபத்து நான்கு புனித யோவான் திருநாள். அன்று மாலை யோவானின் சிலையை ஆற்றுக்குள் தூக்கி வந்து மணலில் வைத்து மழை கேட்பது எங்கள் வழக்கம். ஆண்டில் முந்நூற்று ஐம்பது நாள் அந்த ஆறு வெறும் மணல். மழை வேண்டுகிறவர்கள் ஆற்றின் நடுவிலேயே உட்கார்ந்து வேண்டினார்கள் என்று நீங்கள் சிரிக்கலாம். மரச்சிலைக்குக் காது உண்டு என்று நான் நம்பியதில்லை. ஆனால் எங்கள் முன்னோர் முட்டாள்கள் அல்ல. கேட்ட மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தார்கள்.

ஒன்றரை மைல் மேலே ஆறு ஒரு பாறையைச் சுற்றித் திரும்புகிறது. அந்த வளைவில் பாறை மேல் ஒரு வெண்கல மணி. விழா முடியும்வரை ஒருவர் அதனருகே உட்கார்ந்து ஆறு வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு விழா கிடையாது. அதற்குப் பதிலாக, சிலைக்குப் படைப்பதற்கு முன்பே முதல் தட்டு வளைவுக்குப் போகும். இங்கே கீழே, மூன்று பாட்டுக்கு ஒருமுறை இசைக்காரர்கள் வயலினையும் கிதாரையும் இறக்கி வைப்பார்கள். அரை நிமிடம் ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த அமைதி செத்தவர்களுக்கான மரியாதை என்று நினைத்துத்தான் என் வயதுக்காரர்கள் வளர்ந்தோம். உண்மையில் அவர்கள் மணிச்சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இருபத்திரண்டு ஆண்டு வளைவில் உட்கார்ந்தவர் ஒத்தீலியா. வளைவிலிருந்து வெள்ளம் விழா மணலுக்கு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், மணி கேட்டால் மணல் காலியாக ஏழு நிமிடம் ஆகும் என்று கடிகாரம் வைத்துப் பார்த்துச் சொன்னவர். மூன்று முறை அடித்திருக்கிறார். மூன்று முறையும் மேசை நாற்காலிகள் போயின. ஆள் போகவில்லை.

பிறகு எங்கள் விழா மாவட்டத்தின் மரபுத் திருவிழாப் பட்டியலில் ஏறியது. பேருந்து பேருந்தாக வெளியூர்க் கூட்டம் வரும் என்றார்கள். விழாக்குழுத் தலைவர் லெயாந்த்ரோ கிவிஸ் வீடு விற்பவர்; சிறுவயதில் ஒத்தீலியாவின் பேருந்தில் போனவர். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் அப்போதே சண்டை போட்டிருப்போம்.

மே மாதம் ஒரு காலையில் அவர் பேருந்துக் கொட்டடிக்கு வந்தார். ஒத்தீலியா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோன்யா, ஒரு நல்ல சேதி. ஆத்து மணல்ல போடற மேடைக்குன்னு மணியக் கழட்டிக் கொண்டு வந்துட்டோம். அங்க கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவுல யார் கண்ணுலயும் படாம கெடந்துச்சு."

"யார் கண்ணுல படணும்?"

"வர்றவங்க கண்ணுலதான். நம்ம ஊரு அடையாளமே அது. நீங்க பழைய காலத்துப் பாவாடையும் சால்வையும் போட்டுக்கிட்டு அஞ்சு மணிக்கு அடிச்சுத் தொறந்து வைக்கறீங்க. நிகழ்ச்சி நிரல்ல பேரு போட்டாச்சு."

"அப்ப வளைவுல யாரு?"

"வானிலைய ஃபோன்ல பாத்துக்கறோம். திட்டத்துல எழுதியிருக்கு."

"ஃபோன் நம்ம தலைக்கு மேல இருக்கற வானத்தச் சொல்லும். தண்ணி அங்கேருந்தா வருது?"

"நீங்க எப்பவும் இப்படித்தான். வராத ரயிலுக்கு நிக்கறவங்க."

"நீ பின்சீட்டுல கத்திக்கிட்டே வந்தவன். இன்னும் நிறுத்தல."

அந்தப் பதினான்கு பக்கத்தை நான் படித்திருக்கிறேன். கூடாரத்தின் முளை எத்தனை அடி ஆழம், பீர் வாங்க எந்த நிறக் கைப்பட்டை, நாய்க்கு எவ்வளவு நீளக் கயிறு, தொலைந்த குழந்தையை எங்கே ஒப்படைப்பது, எல்லாம் இருக்கிறது. வெள்ளத்துக்கு ஒரே ஒரு வரி. ஒத்தீலியா குழுக் கூட்டத்துக்குப் போய் மணியை வளைவுக்கே திருப்பித் தரச் சொன்னார். அது முடியாதென்றால் அந்த அரை நிமிட அமைதியையாவது விட்டு வைக்கச் சொன்னார். தாராளமாக விட்டு வைத்தார்கள். "இப்போது நம் முன்னோருக்காக மௌனம் காப்போம்" என்று தொடங்கி, அந்த மௌனத்தின் பெருமையை விளக்கும் பதிவுசெய்த குரல் ஒன்றை, குழலிசையோடு, அந்த அரை நிமிடம் முழுக்க ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்கள்.

திருநாளன்று ஒத்தீலியா பாவாடை கட்டவில்லை. தன் பழைய பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய் உட்கார்ந்தார். தமாலே விற்கும் ஃபிதென்சியோ யெஸ்காஸ், இருபது ஆண்டாகச் செய்வதுபோல, மடலில் சுற்றி அவித்த பச்சைச் சோளத் தமாலேயோடு முதல் தட்டைக் கொண்டுபோனான்.

"பாவாடை எங்க? மேடையில ஒங்களத் தேடறாங்க."

"ஒன் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டேன்னு சொல்லு."

"அவளுக்கு எதுக்கு? அவ வாயே மணிதான், வளைவுலேருந்து பேசுனா ஊருக்கே கேக்கும்." அவன் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். "சூடா இருக்கறப்பவே தின்னுங்க. நான் போயிக் கடையப் பாக்கறேன்."

ஐந்து நாற்பதுக்கு, ஆறு வரும் திசையில் தூரத்தில் பறவைகள் கூட்டமாக எழுந்தன. பிறகு ஈர மண் வாசம். பிறகு பழுப்பாக ஒரு கோடு, குச்சியையும் நுரையையும் உருட்டிக்கொண்டு. ஒத்தீலியாவின் கை பழக்கத்தில் மணிக்கயிற்றைத் தேடிப் போயிருக்கிறது. பாறையில் திருகாணி இருந்த நான்கு துளைகள்தான் இருந்தன.

வளைவில் ஃபோன் எடுக்காது. வண்டியின் ஹாரன் ஒலிபெருக்கிகளைத் தாண்டிக் கேட்காது. கரையோரக் கல்பாதையில் வண்டியை விரட்டினார். ஒன்பது நிமிடம் ஆனது. மிச்சம் மூன்று.

வாசலில் காவலுக்கு நின்ற வாடகை ஆள் கையை நீட்டி மறித்தான்.

"கைப்பட்டை இல்லாம உள்ள விட முடியாதும்மா."

"ஆத்துல வெள்ளம் வருது. விடு."

அவன் அண்ணாந்து பார்த்தான். "வானம் வெளுத்துல்ல கெடக்கு?"

அவனைத் தள்ளிவிட்டு ஓடினார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் முன்னோரின் மௌனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஒத்தீலியா மேடையேறி மணிக்கயிற்றை இழுத்தார்.

கூட்டம் கை தட்டியது.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. எந்த மணி ஏழு நிமிடத்தில் ஆற்றை ஆளில்லாமல் ஆக்கியதோ, அதே மணியைக் கேட்டு இருநூறு பேர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி மேடையை நெருங்கினார்கள். எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் அறுபது பேர் இருப்போம். தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே கரையேறினோம். கால் தானாக ஏறியது. பக்கத்தில் நின்றவரின் கையைப் பிடித்து இழுக்கத் தோன்றவில்லை.

"தோன்யா வந்துட்டாங்க, நல்லா கை தட்டுங்க" என்று லெயாந்த்ரோ ஒலிவாங்கியில் சொன்னார். ஒத்தீலியா அதைப் பிடுங்கினார்.

"மேல ஏறுங்க. எல்லாத்தையும் போட்டுட்டு ஏறுங்க. ரெண்டு நிமிஷம்கூட இல்ல."

லெயாந்த்ரோ அவர் முகத்தைப் பார்த்தார். அதன்பின் அவரும் கத்தினார். பெரும்பாலோர் ஏறிவிட்டார்கள். ஃபிதென்சியோ எரிவாயு உருளையை மூடத் திரும்பிப் போனான். பின்னால் இருந்த கடைகள் எரிந்துவிடக் கூடாது என்று. அவன் கரைக்கு வந்து சேரவில்லை. ஒன்பது வயது மரிஸேலா வெளியூர்ச் சிறுமி. மணியோடு சேர்த்துப் படம் எடுப்பதற்காக அவள் அப்பா அவளை மேடையோரம் நிற்க வைத்திருந்தார். மூன்றாம் நாள் நான்கு மைல் கீழே ஒரு சீமைக்கருவேல மரத்தின் வேரில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

எங்கள் ஃபோன்களுக்கு வெள்ள எச்சரிக்கை ஆறு பத்துக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு கோவிலில் அது இறைவனின் சித்தம் என்றார்கள். இறைவன் அந்த மணியைக் கழற்றவில்லை. நான்கு திருகாணிகளை மனிதன் ஒருவன் ஸ்பானர் வைத்துக் கழற்றினான், குழு ஒன்று கையெழுத்துப் போட்டது. விசாரணை அறிக்கை 'எதிர்பார்க்க முடியாத இயற்கைச் சீற்றம்' என்றது. அதே அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், நிகழ்ச்சி நிரலில் பெயர் குறிக்கப்பட்ட மணியடிப்பவர் ஐந்து மணிக்குத் தம் இடத்தில் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. நடந்ததற்குக் காரணமானவர் என்று அந்த அறிக்கை பெயர் சொல்லும் ஒரே ஆள் ஒத்தீலியாதான். பேருந்து நிர்வாகம் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கருதி அவரை ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்தது. இப்போது பேருந்துகளைக் கழுவுகிறார்.

தலைவர் பதவியை விட்டபின் லெயாந்த்ரோ ஒருநாள் அங்கே போய் நின்றார்.

"மன்னிப்பு கேக்க வந்தேன், தோன்யா."

"ஸ்பானர் இருக்கா?"

"எதுக்கு?"

"கழட்டுனது நீதான. மாட்டவும் நீயே வா."

வருவதாகச் சொன்னார். ஆனால் மணி அவர் கையில் இல்லை. புதிய குழு அதை நகரமன்றக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, 'நம் மரபின் குரல்' என்று அட்டை வைத்திருக்கிறது. அடுத்த ஜூனில் அதே மணலில் விழா. திட்டம் இருபத்தொரு பக்கமாகியிருக்கிறது. வளைவில் ஆள் இல்லை.

மார்ச் இரண்டாம் செவ்வாய் காலை பத்து மணிக்கு நகரமன்றத்தில் பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். ஒத்தீலியா பேசுவார், போன முறை அவர் பேசியபோது கூடத்தில் பதினோரு பேர் இருந்தோம். நீங்கள் வாருங்கள். மணியை வளைவில் மாட்டுங்கள், அந்த அரை நிமிடத்தில் எந்தக் குரலையும் போடாதீர்கள் என்று சொல்லுங்கள். விசாரணை அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லுங்கள். வர முடியாத தூரத்தில் இருந்தால், உங்கள் ஊர்த் திருவிழாவில் ஒன்று செய்யுங்கள். இந்த விழாவைப் பார்க்காமல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பெயரும் இடமும் சொல்லாவிட்டால் உங்கள் பிள்ளையின் கையைப் பிடியுங்கள், பக்கத்தில் நிற்பவரின் கையையும் பிடித்துக்கொண்டு கரையேறுங்கள்.