மாமல்லபுரத்து மணலில் கவிழ்ந்த கைமா

1. முதல் நாள்

சமையல் வேலைக்குப் போன முதல் நாளே எனக்கு வேலை போயிருக்க வேண்டியது. என்னைப் பெற்றவள் கொடுத்த வாய் காப்பாற்றியது.

ரயில் எல்லாம் கரியில் ஓடிய காலம் அது. செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. அதில் ஒரு டிரைவர் வீட்டில்தான் நான் சமையலுக்குச் சேர்ந்தேன். வீட்டுக்காரி பெயர் டோரிஸ் அம்மா. என் வீட்டுக்காரர் தாவீது அப்போது லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் கிளீனர். டெம்பரரி. இன்றைக்குப் பர்மனென்ட் ஆகும், நாளைக்கு ஆகும் என்று வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார்.

டோரிஸ் அம்மா மாட்டுக்கறியை மெஷினில் கைமாவாக அரைத்து ஒரு கிண்ணத்தில் என் முன்னால் வைத்து, உருண்டைக் குழம்பு வை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றினேன். எங்கள் வீட்டில் கழுவாத கறி அடுப்பில் ஏறாது. இரண்டு தண்ணீர் ஊற்றிக் கொட்டுவதற்குள் பாதிக் கறி சாக்கடையோடு போய்விட்டது. காக்காய்களுக்கு அன்றைக்கு விருந்து. அந்த நேரம் பார்த்து டோரிஸ் அம்மா தலையில் துண்டோடு வந்து நின்றார். ஆணோ பெண்ணோ, அவர்களுக்கு எல்லாரும் 'மேன்'தான்.

"இன்னா மேன் பண்ற?"

"கறிய கழுவிகினு கீறேம்மா."

"அரைச்ச கறிய யாராவது கழுவுவாங்களா?"

"கழுவாத கறிய யாராவது அரைப்பாங்களா?"

கேட்டது கேட்டுவிட்டேன். சீட்டு கிழிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறுநாள் முழுக் கறித்துண்டு என்னிடம் வந்தது. நான் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுத்து, நானே அரைத்தேன். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அன்றிலிருந்து அந்த மெஷின் என் கைக்கு வந்தது. வேறு யாரையும் தொட விட்டதில்லை.

2. கைமாவிடம் நான் நடந்துகொண்ட விதம்

என் அப்பா எங்கள் சேரியில் மாடு வெட்டிக் கறி போடுகிறவர். அதனால் கறி எனக்குப் புதிதில்லை, மெஷின்தான் புதிது. முழுத்துண்டில் கை படுவதும் கத்தி படுவதும் ஈ உட்காருவதும் மேல்பக்கத்தில்தான். சட்டியில் போட்டதும் அந்த மேல்பக்கம் முதலில் வெந்துவிடும். அரைத்துவிட்டால் மேல்பக்கம் உள்ளே போய்விடுகிறது. அழுக்கு எங்கே இருக்கிறது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் அடுப்பு எரியத் தொடங்கிய பிறகுதான் நான் அரைப்பேன். அரைத்தால் உடனே சமையல். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் வேறு வழியே கிடையாது. கறி கழுவிய தண்ணீர் தெறிக்கிற இடத்தில் வெங்காயம், கொத்தமல்லி எதுவும் இருக்காது. கழுவிய இடத்தையும் உடனே தேய்த்துவிடுவேன். வேலை முடிந்ததும் மெஷினைக் கழற்றி, திருகு, தட்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெயிலில் காய வைப்பேன். ஒரு நாள் டோரிஸ் அம்மா உப்புப் பார்க்கப் பச்சைக் கறியை நாக்கில் வைக்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். சுண்டைக்காய் அளவு உருட்டிப் பொரித்துக் கொடுத்தேன். அதில் தெரியாத உப்பா?

ருசிக்கும் ஒரு வார்த்தை. கொஞ்சம் கொழுப்பு சேர்ந்த கறியாக வாங்கு. சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசையாதே, உருண்டை கல்லாகிவிடும். குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது ஒவ்வொன்றாகப் போடு. கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துக் குலுக்கு. இறக்குமுன் பெரிய உருண்டையாகப் பார்த்து ஒன்றை உடை. நடுவில் சிவப்பு இருந்தாலோ, வருகிற சாறு கலங்கிச் சிவந்திருந்தாலோ, பசி என்று யார் கத்தினாலும் இறக்காதே. என் கையிலிருந்து ஒரு கரண்டி கீழே விழுந்ததில்லை, ஒரு சட்டி அடிப்பிடித்ததில்லை என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கர்வம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

3. சவுக்குத் தோப்பில்

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள், லோகோ ஷெட் குடும்பங்கள் எல்லாம் லாரி பிடித்து மாமல்லபுரத்துக்குப் பிக்னிக் போனார்கள். சமையலுக்கு நான். விறகு தூக்க, தண்ணீர் சுமக்கத் தாவீது. ஷெட் ஃபோர்மேனும் அவர் மனைவி ஐவி அம்மாவும் வந்திருந்தார்கள். தாவீதின் பெயர் பர்மனென்டுக்குப் போகுமா போகாதா என்பது அந்த ஃபோர்மேன் கையில் இருந்தது. வாயை அடக்கிக்கொண்டு இரு என்று தாவீது வீட்டிலேயே எனக்குச் சொல்லித்தான் கூட்டிப்போனார்.

எங்கள் டிரைவர் வீட்டுக் கறியை நான் விடியற்காலையில் அரைத்து, முழுக்க வறுத்து, சூடாகவே கட்டி எடுத்து வந்திருந்தேன். கடற்கரைச் சவுக்குத் தோப்பில் மணலைப் பறித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, லாரியில் ஒரு பெரிய எனாமல் பேசின் இருக்கிறது, எடுத்துவந்து கட்லெட் போடு என்றார் ஐவி அம்மா. ஈரத்துணியை விலக்கினேன். பச்சைக் கைமா. புதினா, மிளகு, வினிகர் எல்லாம் போட்டுப் பிசைந்தது. கையை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது.

எப்போது அரைத்தது என்று பணிவாகத்தான் கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் என்றார். ராத்திரி முழுக்க வலை அலமாரியில் இருந்திருக்கிறது. காலையிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வெயிலில் லாரியில் வந்திருக்கிறது. இதை விட்டுவிடலாம், வேறு ஏதாவது செய்து தருகிறேன் என்றேன். நோன்பு நாற்பது நாளும் கறி தொடாமல் இருந்துவிட்டு, எல்லாருக்கும் என்று ஆசையாகப் பிசைந்து கொண்டுவந்தவர் அவர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மோந்து பாரு மேன். நாத்தம் வருதா?"

முகர்ந்து பார்த்தேன். வரவில்லை. புதினா வாசனைதான் வந்தது.

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? கெட்டுவிட்டது என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நன்றாகப் பொரித்தால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. கறி கெட்டு அதில் விஷம் ஊறிவிட்டால் எந்தச் சூடும் அதை எடுக்காது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஐவி அம்மாவின் கடைசிப் பெண்ணுக்கு அப்போதுதான் பால்பல் விழ ஆரம்பித்திருந்தது. அவள்தான் முதல் ஆளாக நின்றாள். ஃபோர்மேன் தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாவீது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசினைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சவுக்கு வேர் ஒன்று மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் காலைக் கொடுத்தேன். பேசின் கவிழ்ந்தது. கைமா முழுக்க மணல்.

ஐவி அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். கண் தெரியாதா, இதற்குத்தான் உனக்கு இவ்வளவு பெரிய பேரா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். தலையைக் குனிந்துகொண்டேன். நான் தலை குனிந்து திட்டு வாங்கியதை டோரிஸ் அம்மா அன்றைக்குத்தான் பார்த்தார். ஃபோர்மேன் திரும்பித் தாவீதைப் பார்த்து, "ஒம் பொண்டாட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா தொரை," என்றார் இவர்.

நாய் தின்றுவிடக் கூடாது என்று கறியை ஆழமாக மணலில் புதைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தாவீது கிட்டே வந்தார். கோபத்தில் அவர் குரல் எப்போதும் சின்னதாகிவிடும்.

"எத்தினி வருசமா நின்னுகினு கீறேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். குப்பத்துக்குப் போயி மீன் வாங்கிகினு வா."

அப்போதுதான் கட்டுமரம் கரை ஏறியிருந்தது. அவர் கொண்டுவந்த சங்கராவை மஞ்சளும் மிளகாயும் தடவி, கட்லெட்டுக்கு வைத்திருந்த எண்ணெயில் பொரித்தேன். பிள்ளைகள் கட்லெட்டை மறந்தே போனார்கள். ஐவி அம்மா மட்டும் மறக்கவில்லை. திரும்பி வரும்போது லாரியில் என் பக்கம் திரும்பவே இல்லை.

4. ஐவி அம்மா வந்தார்

அதன் பிறகு தாவீது என்னோடு சரியாகப் பேசவில்லை. ஷெட்டில் பெயர்கள் அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் மெஷினை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தபோது ஐவி அம்மா டோரிஸ் அம்மாவைப் பார்க்க வந்தார். உள்ளே போகாமல் நேராகப் பின்கட்டுக்கு வந்தார். கழற்றிப் பரப்பியிருந்த திருகையும் தட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த வேரு உன் கண்ணுக்குத் தெரிஞ்சிதுதானே?"

"தெரிஞ்சிதும்மா."

"கறி கெட்டுப் போயிருந்திச்சா?"

"தெர்லம்மா."

"தெரியாமயா கவுத்த?"

"தெர்ல, அதாம்மா கவுத்தேன். கொழந்த தட்ட வெச்சிகினு நிக்குது. தெரியாதத எப்டி அதுல போடறது?"

தாவீதின் வேலை இதோடு போச்சு என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

"சண்டே காலைல என் வூட்டுக்கு வந்து அரைச்சிக் குடு," என்றார் கடைசியில். "அங்க கவுக்காத மேன். என் மூஞ்சிக்கு நேரா சொல்லு, நானே கொட்டிடறேன்."

சொன்னபடி போனேன். சொல்ல வேண்டியிருந்தபோது முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவரும் கொட்டினார். அந்த வருஷமே தாவீது பர்மனென்ட் ஆனார். தன் உழைப்பைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்பார் அவர். நான் வாதாடுவதில்லை.

அந்தக் கறி நன்றாகக்கூட இருந்திருக்கலாம். அதை நினைத்து நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. என் மருமகள் கைமா டப்பாவைத் திறந்து, "மோந்து பாருங்க அத்தை, நல்லாத்தான் கீது," என்று நீட்டுவாள். நான் மூக்கைக் கொண்டுபோவதில்லை. எப்போது அரைத்தது என்று மட்டும் கேட்பேன். உடனே பதில் வந்தால் அடுப்பைப் பற்ற வைப்பேன். யோசித்தாளானால், டப்பாவை இப்படிக் கொடு என்று கையை நீட்டுவேன். கொடுக்க மாட்டாள், அவளே குப்பையில் கொட்டிவிடுவாள். என் கையிலிருந்து பாத்திரம் எப்போது நழுவும் என்பது அவளுக்குத் தெரியும்.