உதட்டில் சொன்ன பதில்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. அம்மையார்குப்பத்தில் எங்கள் வீடு என்பதே இரண்டு விசைத்தறிகள்தான். அவை போக மிஞ்சிய இடத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஒரு தறியில் அம்மா, இன்னொன்றில் நைனா. தறி ஓடும்போது தொண்டையைக் கிழித்துக்கொள்வது வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை. நாங்கள் குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். முதுகைக் காட்டி நிற்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போய்த் தோளைத் தொட வேண்டும். நைனாவின் தறி சுவரைப் பார்த்து இருந்ததால், எனக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் அதிகம் பழக்கம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்கு அன்றும் இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் திருத்தணியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் என்னைச் சேர்ப்பதென்று அம்மா முடிவு செய்தாள். அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு தலைமையாசிரியை நேரில் உட்காரவைத்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார். பதில் சொல்லாவிட்டால் சீட்டு கிடையாது.

எதிர்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். கரண்டு போனால் மட்டும் வந்து சொல்லிக்கொடுப்பாள். ஊரே மின்வெட்டைத் திட்டிய கோடை அது. நாங்கள் மட்டும் அதற்காகக் காத்திருந்தோம். அக்கா கேள்வியையும் பதிலையும் வாசிக்கும்போது என்னைவிட அம்மாதான் உன்னிப்பாக இருப்பாள். முட்டியோடு முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்து அக்காவின் வாயையே பார்ப்பாள்.

"இன்னா அத்த, என் பல்ல எண்ணிகினு கீறியா?"

"ஆங், ஒண்ணு கொறையுது. போய்த் தேடு."

கரண்டு வந்ததும் அக்கா எழுந்து போய்விடுவாள். அதன்பின் அம்மா தறியில் நின்றபடியே உதட்டில் கேள்வி கேட்பாள், நான் உதட்டில் பதில் சொல்வேன். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் 'ஃபாதர்' என்றால் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், 'நேம்' என்றால் கடைசியில் வாய் மூட வேண்டும் என்று தெரியும். நான் தப்பாகச் சொன்னால், இழை அறுந்ததைக் கண்டுபிடிப்பதுபோல உடனே கண்டுபிடித்துத் தலையை ஆட்டுவாள். மற்ற பிள்ளைகள் ஏரிக்கரையில் ஆடிக்கொண்டிருக்க, நான் அந்த இரைச்சலுக்குள் சத்தமில்லாமல் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தேன். தப்பே வராத நிலைக்கு நான் வந்தபோது, என்னை விளையாடக் கூப்பிட ஆள் வருவதும் நின்றிருந்தது.

தேர்வு நன்றாக எழுதினேன். பிறகு தலைமையாசிரியையின் அறை. அப்படியொரு அமைதியை நான் அதுவரை பார்த்ததில்லை. மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்டது. அம்மா மேசைக்கு அந்தப் பக்கம், பீரோவை ஒட்டி நின்றாள்.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தலைமையாசிரியை இங்கிலீஷில் கேட்டார். நான் பதில் சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

"என்னம்மா, பொண்ணு வாயை வாயை அசைக்குது, சத்தமே வரலையே?"

பயத்தில் நான் வீட்டுப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும் குரல் வரவில்லை. அதற்குள் அம்மா, "மை ஃபாதர் இஸ் எ வீவர்" என்றாள். அவள் வாயிலிருந்து இங்கிலீஷ் சத்தமாக வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"உங்களைக் கேக்கலைம்மா."

"நான் சொல்லலீங்க மேடம். அதுதான் சொல்லிச்சு. நான் பாத்துகினுதான நிக்கிறேன்."

"சொல்றதைக் கேக்கணும். பாக்கவா முடியும்?" என்று சிரித்த தலைமையாசிரியை, தாளில் குனிந்துகொண்டு, "வெளியில இருங்க" என்றார். அம்மா நகரவில்லை. என்ன பிடிவாதம் என்று எனக்கு அவமானமாக இருந்தது. அவர் நிமிர்ந்து கதவைக் கைகாட்டிய பிறகே போனாள்.

கதவு மூடிக்கொண்டது. அடுத்த கேள்வியைத் தலைமையாசிரியை குனிந்தபடியே கேட்டார். நிமிர்வார் என்று காத்திருந்தேன்; நிமிரவில்லை. குனிந்த தலையோடு எப்படிப் பேசுவதென்று எனக்குத் தெரியாது. தோளைத் தொடவும் முடியாது. என் உதட்டைப் பார்க்க அந்த அறையில் ஒருவருமில்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டே நான் பதில் சொன்னேன். அவர் நிமிராமலேயே தலையசைத்து எழுதிக்கொண்டார். அதன்பின் எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

சீட்டு கிடைத்தது. அம்மா பஸ் நிலையத்தில் நின்றபடியே மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம். "நான் வெளிய வந்ததுக்கப்புறம் இன்னா கேட்டாங்க?" என்றாள் அம்மா. பின்னால் போய்க்கொண்டிருந்த மலையைப் பார்த்தபடி நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இப்டிப் பாத்துச் சொல்லுடி."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இனி நான் இங்கிலீஷ் மீடியத்துப் பெண். பஸ்ஸில் எல்லாரும் பார்க்கத் தறிவீட்டுப் பழக்கம் எதற்கு? அவள் காதில் பாதிக்கு மேல் அப்போதே தறி எடுத்துக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தெரியாது. தாடையை விடுவித்துக்கொண்டு, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி, கிடைத்த புதுக்குரலில் மிச்சக் கேள்விகளையும் பதில்களையும் சொல்லி முடித்தேன்.

அம்மா சிரித்துக்கொண்டே தலையசைத்தாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டவள்போல.