நான் கட்டிய பூப்பொட்டலம்

எனக்கு இந்த ஆடியோடு எழுபத்தெட்டு முடிகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். மூன்று பெண், இரண்டு ஆண். ஒன்றுகூட வீணாய்ப் போகவில்லை. ஊரில் யாரும் என்னை நிறுத்திவைத்து ஒரு கேள்வி கேட்டது கிடையாது. நானும் யாரிடமும் போய், தப்பாய்ப் போச்சு என்று சொன்னது கிடையாது.

மூணாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத்து ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. இருந்தாலும் இதை என் கையால்தான் எழுத வேண்டும். மூன்று மாதமாய் வாயால் சொல்லப் பார்த்தேன். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "காப்பி குடிக்கிறியாத்தா" என்றுதான் வருகிறது.

அவள் என்று நான் சொல்வது என் நாத்தனாரை. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. கல்யாணம் ஆகாதவள். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. இப்போது எழுபத்து மூன்று. என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவரோடு பேசியதைவிட இவளோடு பேசியதுதான் அதிகம். சர்க்கரை அவள் கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நடக்கிற சத்தத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள்.

"இன்னைக்கு இடது காலை இழுக்குறீக மதினி" என்பாள்.

"கண்ணு இருந்தப்ப நீ இம்புட்டுப் பார்க்கலையே" என்பேன்.

"அப்ப நீங்க பார்க்குற மாதிரி இருந்தீகளாக்கும்" என்பாள்.

இப்படித்தான் எங்கள் பொழுது போகும். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, கீழச்சிவல்பட்டியிலிருந்து கேதம் சொல்ல ஆள் வந்தது. இறந்துபோனவர் அங்கே மோட்டார், எஞ்சின் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவர். முறைக்கு அவளுக்கு அத்தான். எனக்குத் தம்பி முறை.

அவள் மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே கிணற்றடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"உனக்கு எதுக்குத்தா பச்சத்தண்ணி, நெஞ்சுல சளி கட்டிக்கிறும்" என்றேன்.

"முறைக்காரவுக போனா முழுகணும்ல மதினி. இதுக்காவது உரிமை இருக்குல்ல."

துண்டால் துவட்டிவிட்டேன். முடி கொஞ்சம்தான் மிச்சம். துவட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "செத்து மேல போனதும் ஆத்தாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். எங்கிட்ட என்னடி குறை கண்டேன்னு."

ஆத்தா என்று அவள் சொன்னது எங்கள் கண்மாய்க்கரை அம்மனை. ஐம்பத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவளிடம் ஒரு குறையும் கிடையாது. அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். சொல்லாமல் நான் முந்திக்கொண்டால் அவள் அந்தக் கேள்வியோடேயே போய்ச் சேருவாள். அதனால் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வயல் கிணற்றில் ஆயில் எஞ்சின் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது நின்றால் பழுது பார்க்க, இப்போது இறந்துபோன அவர்தான் சைக்கிளில் வருவார். கையெல்லாம் கிரீசு. சாப்பிடும்போது மட்டும் மண்ணைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். ஒரு நாள் நானும் அவளும் சோறு கொண்டுபோனோம்.

"யாரு வச்ச குழம்புக்கா இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் கேட்டாள், "ஏன், உப்புக் கூடிப்போச்சா?"

"இல்ல. எஞ்சினு நாளைக்கும் நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"நிக்கும் நிக்கும். நீங்க பார்த்த எஞ்சினுதான."

அதிலிருந்து எஞ்சின் வாரம் ஒரு தரம் நின்றது. மாமனாருக்கே சந்தேகம் வந்து, வேற ஆளைக் கூப்பிடலாமா என்றார். டீசலில் தண்ணீரைக் கலந்தவள் யார் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் சந்தோஷத்தைப் பார்க்கப் பிடிக்காதவள் இல்லை நான். அதை இங்கே எழுதி வைக்கிறேன், நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அவருடைய அம்மா வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்தார்கள். சொந்தம்தான், முறைதான். நிலம்தான் இல்லை. மாமனாருக்கு வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, சரி என்று சொல்லவும் மனமில்லை. "ஆத்தாகிட்ட பூக் கேப்போம். வெள்ளை வந்தா சம்மதம்னு கையை நனைப்போம். சிவப்பு வந்தா இதோட பேச்சை விட்ருவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வெள்ளை அரளியை ஒரு வாழை இலையிலும் சிவப்பு அரளியை இன்னொரு வாழை இலையிலும் மடித்து, வெளியே வித்தியாசம் தெரியாமல் நாரால் கட்டி, அம்மன் காலடியில் போட வேண்டும். சின்னப்பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்கும். எடுத்ததைப் பூசாரி பிரிப்பார். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கண்மாய்த் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுகிறவள் வீட்டுச் சுமங்கலியாய் இருக்க வேண்டும். தலைக்குக் குளித்து, தனியாய் இருந்து கட்ட வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி கை ராசியான கை, அவளே கட்டட்டும் என்று மாமியார் படுக்கையில் இருந்தபடியே என்னைச் சொல்லிவிட்டார்கள். என் வயிற்றில் அப்போது மூன்றாவது பிள்ளை, ஐந்தாம் மாதம்.

மாமியார் கை கால் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர்களைப் புரட்டிப் போட்டது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் நாத்தனார்தான். வாடை எனக்கு ஆகாது என்று அந்த அறைக்குள்ளேயே நான் போக மாட்டேன். என் இரண்டு பிள்ளைகளும் அவள் இடுப்பில்தான் கிடந்தன.

பூக் கேட்கிற செவ்வாய்க்கிழமை காலையில் அவள்தான் போய்ப் பூப் பறித்து வந்தாள். சிவப்பைக் கையில் வந்தபடி பறித்திருந்தாள். வெள்ளையை மட்டும் மொட்டு மொட்டாகப் பார்த்து எடுத்திருந்தாள். தட்டை என் கையில் கொடுத்து, "நல்லாக் கட்டுங்க மதினி" என்றாள். வெட்கப்பட்டுக்கொண்டு அங்குட்டுப் போய்விட்டாள்.

நான் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இலையில் சிவப்பை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்தேன். அப்போது உள்ளேயிருந்து மாமியார், "தண்ணி" என்று கூப்பிட்டார்கள். அவள் ஓடுகிற கொலுசுச் சத்தம் கேட்டது. என் பெரியவள் அழுதாள், அவள் சமாதானம் சொல்கிற சத்தம் கேட்டது. இவள் போய்விட்டால் அந்தப் படுக்கை என் தலையில்தான் என்று நினைத்தேன். அம்புட்டுத்தான் நினைத்தேன். இரண்டாவது இலையிலும் சிவப்பை வைத்துக் கட்டிவிட்டேன்.

என் கூடப் பிறந்த தம்பிக்கு அவளைக் கேட்டு அவள் மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கோபத்தில்தான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோபம் என்றால் அதில் ஒரு ரோசமாவது இருக்கும். ஆனால் அது பொய். ஒரு படுக்கையைத் துடைக்கப் பயந்துதான் செய்தேன்.

மீந்த வெள்ளைப் பூவைக் குப்பையில் கொட்ட முடியாது. அரளியை ஆடு தின்றால் செத்துப்போகும். எருக்குழியில் கையால் தோண்டிப் புதைத்துவிட்டு, மறுபடி குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

நாலு வயதுப் பெரியவள்தான் பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். மாமனார் "சரி" என்று மட்டும் சொன்னார். நாத்தனார் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே போய் மாமியாருக்குக் கஞ்சி கரைத்தாள்.

நாலாம் நாள் அவர் வந்தார். யாரும் கூப்பிட்டு வரவில்லை. மாட்டுக் கொட்டத்துப் பக்கம் நான் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது சைக்கிளை நிறுத்தினார்.

"நீங்கதானக்கா பூக் கட்டினீக?"

"ஆமா."

"நல்லாத்தான கட்டினீக?"

"நல்லாத்தான் கட்டினேன்" என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"சரிக்கா" என்றார். கொஞ்ச நேரம் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய்விட்டார். அன்றைக்கு, எருக்குழி அங்கிருந்து பத்து அடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாமனார் திட்டியிருப்பார், ஊர் காறித் துப்பியிருக்கும், ஒரு மாதத்தில் எல்லாம் ஆறிப்போயிருக்கும். அந்த ஒரு மாத வெட்கத்துக்குப் பதிலாக அவள் ஆயுசைக் கொடுத்தேன்.

அப்புறம் எத்தனையோ மாப்பிள்ளை வந்தார்கள். "இனிப் பூவும் வேணாம், பொட்டலமும் வேணாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். மாமியார் இன்னும் ஆறு வருஷம் கிடந்து அவள் மடியில்தான் உயிரை விட்டார்கள். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது என்று நான் பெற்றுப் போடப்போட அவள் எடுத்துக்கொண்டாள். முதல் பக்கத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தபோது அதை அடித்துவிடலாம் என்று தோன்றியது. அடிக்கவில்லை. ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதுவும் தெரியட்டும்.

அவர் மூன்று வருஷம் பொறுத்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். கீழச்சிவல்பட்டியில், திருப்பத்தூர் போகிற ரோட்டில் கடை போட்டார். பஸ்ஸில் ஏறினால் கடை எந்தப் பக்கம் வருமோ அதற்கு மறுபக்கத்து சீட்டைப் பார்ப்பாள். "இங்குட்டு உக்காருவோம் மதினி, அங்குட்டு வெயில்" என்பாள். மழை நாளிலும் அதைத்தான் சொன்னாள். நானும் சரி என்று உட்காருவேன்.

அவளுக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஆத்தா உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்று சொல்ல ஆத்தாளுக்கு நான் வழியே வைக்கவில்லை. நீ போய் ஆத்தாளிடம் எதையும் கேட்க வேண்டாம். கேட்க வேண்டிய ஆள் உன் பக்கத்தில்தான் இருக்கிறேன், இத்தனை வருஷமும் பக்கத்தில்தான் இருந்தேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ இந்த வீட்டை விட்டுப் போகிறேன் என்றாலும் சரி, என் கையால் இனித் தண்ணி வாங்க மாட்டேன் என்றாலும் சரி.

அவளுக்குக் கண் தெரியாது, எனக்கு வாய் வராது. அதனால் என் பேத்தி, இது உன் வேலை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ வீட்டில்தான் இருப்பாய். நீ அம்மாச்சி என்று கூப்பிடுகிற அவள் காலைக் காப்பி குடித்துவிட்டு வளவு முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் போய் உட்கார். நான் அடுப்படிக்கு ஓடிவிட மாட்டேன், எதிரேதான் இருப்பேன். இதைப் படித்தபிறகு நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் நான் பார்க்க வேண்டியதுதான். எழுத்து விட்டுப்போயிருந்தால் சேர்த்துக்கொள், ஆனால் சொல்லை மாற்றாதே. நான் போதும் என்று கையைக் காட்டினாலும் நிறுத்தாதே. உன் அம்மாச்சிக்கு நல்லாக் கேட்கிற மாதிரி, முதலில் இருந்து சத்தமாய் வாசி ஆத்தா.